கைப்பிடி அரிசி என்ற தலைப்பில்

இதை எனக்கு முதன்முதல் விளங்கச் சொன்னது எங்கள் சபை செக்ரட்டரி வீட்டு மருமகள் ஷர்லின். போன அசனத்துக்கு முந்தின நாள், மத்தியானம். அசனம் என்றால் உங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் தெரியுமோ என்னவோ அம்மாடி, அது கோயில் பண்டிகைச் சாப்பாடு. ஊரே பந்தியில் உட்காரும். பொம்பிளைகள் நாங்கள் முந்தின நாளே கோயில் வளாகத்தில் பாய் விரித்துக் காய் நறுக்குவோம். ஒரு சாக்குக் கத்தரிக்காய்க்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஷர்லின். அவள் சென்னையில் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். அப்போதுதான் சொன்னாள்: "ஆன்ட்டி, போன்லயும் டேப்லயும் விளம்பரம் சும்மா வராது. யாராவது எதையாவது தேடினாத்தான் வரும்."

நீ உட்கார் அம்மாடி. வாச்சுவுமன் கேட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறாள், வரக் கால் மணி நேரமாவது ஆகும். நீ இந்தத் தபித்தாள் இல்லத்து ஹாஸ்டல் பிள்ளைதானே? கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்குகிறதே, அதை வைத்துத்தான் நினைத்தேன். இந்தா, ஆரஞ்சு. உரித்துத்தான் வைத்திருக்கிறேன்.

என் பேர் கனகமணி. பாளையங்கோட்டை. என் மருமகள் பெனிட்டா உள்ளே இருக்கிறாள். வீட்டை விட்டு வந்து நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன். ஆனால் பார், அவள் வார்டனிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாளோ, என் பேரும் என் மகன் கிஃப்ட்சன் பேரும் வாசல் நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. 'பார்க்க அனுமதி இல்லை.' நான் எட்டாங்கிளாஸ்தான் படித்தவள், ஆனாலும் தலைகீழாக இருந்தாலும் வாசித்துவிடுவேன். அறுபத்து மூன்று வயதில் என் பேரைச் சிவப்பு மையில் பார்க்க வேண்டியிருந்தது. ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு வெளியே இந்தப் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நான் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசினது கிடையாது. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேள்.

விஷயம் எங்கே தொடங்கியது என்றால், டேப்பில், சிலேட்டு மாதிரி இருக்குமே அதில். என் மகள் ஷீபா மஸ்கட்டிலிருந்து அனுப்பினாள், நான் பிரசங்கம் கேட்கட்டும் என்று. பெனிட்டா கணக்கு டீச்சர். அவளுக்கு எதையும் எழுதி வைத்தால்தான் நிம்மதி. வரவு செலவு எழுதுகிற வெப்சைட் ஒன்றைத் திறந்து கொடுத்தாள். காய்கறி, பால், கரண்ட், காணிக்கை, எல்லாவற்றுக்கும் தலைப்பு. எழுதினால் அதுவே கூட்டிக்கொள்ளும். திறக்கும்போதே கீழே ஒரு பட்டை வந்தது. நான் என்றால் என்ன ஏது என்று பார்க்காமல் அழுத்தியிருப்பேன். அவள் முழுசாக வாசித்தாள். அப்படி ஒரு பிள்ளை, மருந்துச் சீட்டில் இருக்கிற பொடி எழுத்தைக்கூட விடமாட்டாள்.

"அத்தை, நாம எதையெல்லாம் பாக்கோம், எவ்வளவு நேரம் பாக்கோம்னு இது குறிச்சி வச்சிக்கிடுமாம். மத்தக் கம்பெனிக்கும் சொல்லுமாம். வேண்டாம்னும் சொல்லலாம். என்ன செய்ய?"

"நாம அப்படி எங்க போறோம் பெனிட்டா? வீட்டை விட்டா கோயில். பாத்துட்டுப் போட்டும். ஏத்துக்கிறேன்னு அழுத்து."

கொஞ்ச நேரம் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான்தான் அவள் விரலைப் பிடித்து அழுத்திவைத்தேன். எதற்கு இவ்வளவு யோசனை?

அதற்கு அப்புறம் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கணக்கை எழுதுவாள். அவள் சம்பளக் கார்டு கிஃப்ட்சனிடம்தான் இருக்கும். பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு பேங்க் அலைச்சல் என்று அவனே வாங்கி வைத்துக்கொண்டான், அப்படி ஒரு கரிசனம். அவளுக்கென்று இருந்தது சாயங்காலம் நாலு பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்கிற காசு. அதையும் நயா பைசா விடாமல் எழுதுவாள். நான் ஜெபம் முடித்து டேப்பைத் திறந்து பார்ப்பேன். அதில் ஒரு தலைப்பு 'கைப்பிடி அரிசி'.

உங்கள் பக்கம் இந்த வழக்கம் இருக்கிறதோ என்னவோ. எங்கள் பெண்கள் சங்கத்தில், உலையில் அரிசி போடுகிற நேரமெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனிப் பானையில் போட்டு வைப்போம். மாசக் கடைசியில் சங்கத்தில் கொண்டு கொடுப்போம். அதை விற்றுக் கோயிலுக்கு. எங்கள் அம்மா போட்டாள், நானும் போடுகிறேன். பெனிட்டா அரிசிக்குப் பதிலாகக் காசாகவே எடுத்து வைக்கிறாள் போல என்று நினைத்தேன். இருநூறு, முந்நூற்றைம்பது என்று வாரா வாரம் அந்தத் தலைப்பில் ஏறிக்கொண்டே போனது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது அம்மாடி. இப்படி ஒரு மருமகளா!

சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். முப்பது நாப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். "என் மருமகள் ஆண்டவருக்கென்று மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் கைப்பிடி எடுத்து வைக்கிறாள்" என்றேன். பொருளாளர் லில்லிபாய் அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டாள்:

"எந்த ஆயிரத்தைச் சொல்லுதே கனகமணி? உங்க வீட்டுல இருந்து நீ கொண்டாற ரெண்டு படி அரிசியைத் தவிர எனக்கு ஒண்ணும் வரலியே."

பின்னாலிருந்து ஒருத்தி, "லில்லிபாய் அக்கா கை வேண்டாம்னு நேரா மேலயே அனுப்புதாளோ என்னவோ!" என்றாள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. ஃபேன் சத்தமே கேட்கவில்லை. நான் நின்றபடி நின்றேன். முப்பத்தொரு வருஷமாக நான் அந்தச் சங்கத்தில் இருக்கிறேன்.

நான் இந்த விஷயத்தில் பெரிய குற்றம் என்று சொல்வது இதைத்தான். அவள் வீட்டை விட்டுப் போனதைக்கூட மன்னித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். "அலமாரியில இருக்கு அத்தை, மொத்தமாச் சேர்த்துக் கட்டலாம்னு இருந்தேன்" என்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. நானும் நம்பினேன். யாரையும் சந்தேகப்படுகிற சுபாவம் எனக்கு இல்லை.

அந்த மாதம்தான் டேப்பில் விளம்பரம் வர ஆரம்பித்தது. கணக்கைத் திறந்தால் ஓரத்தில் 'பெண்களுக்கான பாதுகாப்பான விடுதி, கோவை'. பிரசங்கம் கேட்டால் நடுவில் 'வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு அறை'. சமையல் குறிப்புப் பார்த்தால் அதிலும் விடுதி. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அந்நிய ஊரில் தங்கி வேலை பார்க்கிற பெண்பிள்ளைகளுக்காக ஜெபிக்கச் சொல்லி ஆண்டவர் எனக்குப் பாரம் தருகிறார் என்று நினைத்தேன். பதினெட்டு நாள் ஜெபித்தேன் அம்மாடி. உன்னை மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான்.

அதைத்தான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே ஷர்லினிடம் சாட்சியாகச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஐயோ ஆன்ட்டி! நீங்க ஒரு வெப்சைட்டுக்குள்ள போறீங்கன்னு வைங்க. அது உங்க டேப்புல ஒரு குட்டிச் சீட்டு மாதிரி எழுதிப் போட்டு வச்சிரும். குக்கின்னு பேரு. மறுபடி நீங்க போனா, வாங்க, நேத்து வந்தவங்கதானேன்னு அடையாளம் கண்டுக்கிடும். அந்தச் சைட்டுல விளம்பரம் போடுறவங்களும் அவங்கவங்க சீட்டைச் செருகி வைப்பாங்க. நீங்க அடுத்தாப்புல எங்க போனாலும் பின்னாலயே வருவாங்க. உங்க டேப்புல யாரோ ஹாஸ்டல் தேடியிருக்காங்க. ஆண்டவர் இல்ல."

"இது பாவம் இல்லையா ஷர்லின்?"

"நீங்கதானே ஏத்துக்கிறேன்னு அழுத்தியிருப்பீங்க?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. ஒருத்தர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போய், எதைப் பார்த்தார்கள், எங்கே நின்றார்கள் என்று குறித்து அடுத்தவனிடம் சொல்வது என்ன பிழைப்பு! மனசாட்சி உள்ள ஒருத்தர் செய்வாரா?

நான் அன்றைக்குக் கத்தரிக்காயை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கோயில் வேலையைப் பாதியில் விடக்கூடாது. வீட்டுக்குப் போய் அலமாரியைப் பார்த்தேன். காசு இல்லை. டேப்பில் அந்தத் தலைப்பைக் கூட்டிப் பார்த்தேன், பதினொன்றாயிரத்துச் சொச்சம். ஆண்டவர் பேரை மேலே எழுதி, அதன் கீழே ஓடிப்போகிறதற்குக் காசு சேர்த்திருக்கிறாள்.

நான் அவளைக் கூப்பிட்டு ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை எனக்கு ஆகாது. ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். கிஃப்ட்சன் ஒரு பக்கம் முழங்கால் போட்டிருந்தான், அவள் ஒரு பக்கம். நான் வழக்கம்போல எல்லாருக்காகவும் ஜெபித்தேன். ஷீபாவுக்காக, பிஷப் ஐயாவுக்காக, மழைக்காக. கடைசியில், "ஆண்டவரே, கோயம்புத்தூரில் ஹாஸ்டல் தேடுகிற உம்முடைய மகளை நினைத்தருளும், உமது பேரைச் சொல்லிச் சேர்த்த பதினொன்றாயிரத்தையும் நீர் பார்க்கிறீர், அவளுக்கு நல்ல புத்தி தாரும்" என்றேன். பேர் சொல்லவில்லை அம்மாடி. ஒரு பேர் சொல்லவில்லை. நான் ஆண்டவரிடம் பேசினேன், அவ்வளவுதான். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது கிஃப்ட்சன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். புருஷன் பெண்டாட்டி பேசுகிற இடத்தில் பெரியவர்கள் நிற்கக்கூடாது. இட்லிக்கு உளுந்து போட்டு கிரைண்டரை ஓடவிட்டேன். அந்தக் கிரைண்டர் பழசு, ஓடினால் வேறு ஒரு சத்தமும் கேட்காது.

காலையில் அவள் வாயைத் துணியால் மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். முன்பல் ஒன்று போய்விட்டது. அந்தப் பல் அவளுக்கு முன்னமே ஆட்டம்தான், நானே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், உப்புத் தண்ணீர் கொப்பளி என்று. என் பிள்ளைக்குக் கை கொஞ்சம் சடாரென்று நீளும், அவ்வளவுதான். அவன் அப்பாவுக்கும் அப்படித்தான். நான் முப்பது வருஷம் வாழவில்லையா? இதோ பார், இந்தக் காது சரியாகக் கேட்காது, அதனால்தான் உன்னை இந்தப் பக்கம் உட்காரச் சொன்னேன். ஒரு குறையும் இல்லாமல்தான் இருக்கிறேன்.

ரொம்ப நாள் ஆகவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் போனவள் திரும்பி வரவில்லை. போனை அணைத்துவிட்டாள். ஷீபாவிடம் சொன்னேன். "எம்மா, அவளை விட்டுரு. அவ போனதே நல்லது. நீ அவளைத் தேடாத, உனக்குக் கோடிப் புண்ணியம்" என்கிறாள். பெற்ற மகள் பேசுகிற பேச்சா? வெளிநாட்டுக்குப் போய்ப் பிள்ளை கெட்டுப்போய்விட்டது. அவளுக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன்.

கிஃப்ட்சன் சோறு தின்னவில்லை. அழுதான், ஆம்பிளைப் பிள்ளை. "எம்மா, எங்க இருக்கான்னு மட்டும் நீ கண்டுபிடிச்சிக் குடு. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றான். அவ்வளவு பாசம் அம்மாடி. எந்தப் புருஷன் இந்தக் காலத்தில் விட்டுப்போனவளைத் தேடுகிறான்?

ஒரு நாள் காலை, ஜெபம் முடித்துப் பழக்கத்தில் கணக்கைத் திறந்தேன். திறந்தால் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முந்தின நாள் தேதியில் புதுசாக வரி வரியாக எழுதியிருக்கிறது. 'டிபன்.' 'பஸ்.' 'சோப்பு, பக்கெட்.'

ஷர்லினுக்குப் போன் போட்டேன். "பெனிட்டா எழுதுறது இங்க வருதே, எப்படிம்மா இது?" என்றேன்.

"அவங்க உங்க டேப்புல உள்ள போயிட்டு வெளிய வராமலே விட்டிருக்காங்க ஆன்ட்டி. அந்தச் சீட்டு இருக்கிற வரைக்கும் அது மறுபடி பாஸ்வேர்ட் கேக்காது. அவங்க அங்க போன்ல எழுதுறது இங்கயும் தெரியும்." அப்புறம், "இதை எதுக்குக் கேக்கீங்க?" என்றாள்.

"ஜெபிக்கத்தான்மா."

அவள் போனை வைத்துவிட்டாள். அதற்கு அப்புறம் நான் போன் போட்டால் எடுப்பதும் இல்லை. பரவாயில்லை.

பெனிட்டா என்ன நினைத்தாள் என்றால், அத்தைக்கு ஒன்றும் தெரியாது, பால் கணக்குப் பக்கத்தைத் தவிர வேறு எதையும் திறக்கத் தெரியாது என்று நினைத்துவிட்டாள். படித்தவர்களுக்கு இந்த ஒரு குறை உண்டு. நான் நாள் தவறாமல் பார்த்தேன். அவள் காலையில் என்ன தின்றாள், எந்தக் கிழமை தலைக்கு எண்ணெய் வாங்கினாள், எல்லாம் எனக்குத் தெரியும். காய்ச்சல் வந்து மூன்று நாள் வெறும் ரொட்டியும் மாத்திரையும்தான், அதுவும் தெரியும். 'பல் ஆஸ்பத்திரி, முதல் தவணை' என்று எழுதியிருந்தாள். பிறகு 'இரண்டாம் தவணை'. ஒரு வெள்ளிக்கிழமை 'மல்லிகைப்பூ, இருபது ரூபாய்'. அதைப் பார்த்து நான் விக்கி விக்கி அழுதேன். புருஷன் அங்கே இஸ்திரி போடாத சட்டையோடு வேலைக்குப் போகிறான், இவளுக்கு இங்கே பூ கேட்கிறது.

அதிலேயே ஒரு மூலையில் 'கடைசியாக உள்நுழைந்த இடம்' என்று ஒரு வரி. ஷர்லின் சொல்லவில்லை, நானே தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். கோயம்புத்தூர். விளம்பரத்தில் வந்த ஊரேதான், ஆனால் எந்த இடம் என்று தெரியவில்லை. உபவாசம் இருந்தேன். மூன்றாம் நாள், மாத முதல் தேதி, அவளே தன் கையால் எழுதினாள்: 'தபித்தாள் இல்லம், வாடகை.' எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை அம்மாடி, என்னை ஆண்டவரே நடத்திக் கொண்டுவந்தார்.

சங்கத்தில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. லில்லிபாய் அக்காவே எழுந்து வந்து என் தலையில் கை வைத்து ஜெபித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்காரவைப்பேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். சொன்னபடி நடக்க வேண்டும், இல்லையா?

என்ன அம்மாடி, ஆரஞ்சைக் கையிலேயே வைத்திருக்கிறாய்? தின்னு. அந்தப் பல் கட்டின பிள்ளையா என்று கேட்கிறாயா? ஆமாம், அவள்தான். உனக்குத் தெரியுமா? உன் மாடியா? பார்த்தாயா, எத்தனை பெஞ்சு இருக்கிறது இந்த ஊரில், நீ வந்து இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாயே. சத்தமில்லாமல் இருப்பாள் என்றா சொல்கிறாய்? எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அரவமே இருக்காது. நான் அதற்காகவே அவளை நேசித்தேன்.

யாராவது படிக்கட்டில் வேகமாக ஏறி வந்தால் எழுந்து நின்றுவிடுவாளா? அது சின்ன வயசிலிருந்தே பயந்த சுபாவமாக இருக்கும். நாங்கள் ஒரு நாளும் பயமுறுத்தினது இல்லை.

கிஃப்ட்சனா? வந்திருக்கிறான். அந்தப் பழமுதிர் கடைக்குப் பின்னால், சந்தில் கார் நிற்கிறது பார், வெள்ளைக் கார். வாசலில் நிறுத்தினால் வார்டன் ஏதாவது சொல்வாள் என்று நான்தான் அங்கே நிறுத்தச் சொன்னேன். அவன் கூட வேலை பார்க்கிற ரெண்டு பேரும் துணைக்கு வந்திருக்கிறார்கள், தூரப் பயணம் இல்லையா. காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை அவன். ஸ்டியரிங்கைப் பிடித்தது பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான்.

முகம் ஏன் இப்படிப் போகிறது? நான் ஒன்றும் தப்பாகக் கேட்கப் போவதில்லை. ஒரு பெரிய மனுஷி, முட்டுவலியோடு ராத்திரி பூராவும் பயணம் செய்து வந்திருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளையை என் வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். இதில் யாருக்கு நஷ்டம்?

அதோ, வாச்சுவுமன் வருகிறாள். பையில் பால் பாக்கெட்டு இருக்கிறது. அவள் உன்னை உள்ளே விடுவாள், நீ இங்கே இருக்கிற பிள்ளை.

நீ மாடிக்குப் போனதும் பெனிட்டாவிடம், கீழே உனக்குக் கூரியர் வந்திருக்கிறது, கையெழுத்துப் போட வேண்டுமாம், கேட்டுக்கு வெளியே வா என்று மட்டும் சொல்லிவிடு அம்மாடி.